பழனிப் பாதையில் ஒரு கணுக்கால்

போன மாதம் நம் பிசியோதெரபி டிபார்ட்மென்ட்டுக்கு என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தி, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றீர்கள். மைக்கைப் பிடித்ததும் வாய் அடைத்துவிட்டது. "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படியுங்கள். யாரையும் வற்புறுத்துகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை.

காபிக்குப் போகிற வழியில் கணுக்கால் பிசகி வந்த ஒருவர் கட்டிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம், அந்தக் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஜெல் ட்யூபின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆனவள் குறுக்கே பேசினால் மரியாதை இல்லை என்று நடந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மூடி கண்ணை விட்டுப் போகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிசியோதெரபி என்ற வார்த்தையே கோயமுத்தூரில் பலருக்குத் தெரியாது. என்னைக் "கரண்ட் வைக்கிற அம்மா" என்பார்கள். சுளுக்கு என்றால் தைலம்தான். தடவினால் திகுதிகுவென்று எரிய வேண்டும், கண்ணில் தண்ணீர் வர வேண்டும். தொண்ணூறுகளில்தான் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் ஜெல்கள் எங்கள் பக்கம் தாராளமாக வர ஆரம்பித்தன. அதுவரை மாத்திரையாக விழுங்கி வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டிருந்த மருந்தையே தோலின் மேல் தடவலாம் என்றார்கள். நல்ல மருந்து. சாதாரணச் சுளுக்குக்கு இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது எரியவில்லை, குளுகுளு என்று இருந்தது. எரியாத மருந்தை நம் ஜனங்கள் எப்படி நம்புவார்கள்? ஜெல்லைத் தடவி, அதன் மேல் வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, போதாதென்று இறுக்கிக் கட்டும் போட்டுக்கொண்டு, கொப்புளத்தோடு வந்து நிற்பார்கள். நானும் வருஷக்கணக்காகக் கத்திப் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் ஒரு தைப்பூசத்துக்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து என்னைப் பாதயாத்திரை முகாமுக்கு அனுப்பினார்கள். உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தை மாதத்தில் எங்கள் பக்கத்தில் பாதி ஜனம் மாலை போட்டுக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்துகொண்டிருக்கும், மீதி ஜனம் ரோட்டோரம் பந்தல் போட்டு அவர்களுக்குச் சோறும் மோரும் கொடுத்துக்கொண்டிருக்கும். நடக்கிறவர்கள் கால் வலியோடு வருவார்கள் என்பதால் பந்தல்களில் கால் பிடித்துவிடுவதும் ஒரு சேவை. அந்த வருஷம் மருந்துக் கம்பெனிக்காரர்கள் ஜெல் ட்யூபுகளைப் பெட்டி பெட்டியாக எல்லாப் பந்தலிலும் இறக்கியிருந்தார்கள்.

எங்கள் பந்தல் உடுமலையைத் தாண்டி இருந்தது. போட்டவர் ஒரு மில்லுக்காரர். தங்கமான மனுஷர், சேவையில் குறை வைக்க மாட்டார். காலேஜ் பிள்ளைகள் பெஞ்சு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, வருகிற கால்களையெல்லாம் தேய்த்து அனுப்பினார்கள். எங்களோடு வந்த டாக்டர் மயக்கம் போட்ட ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு உடுமலைக்குப் போயிருந்தார். கடைசி பெஞ்சில் நான் மட்டும்.

அந்தப் பெஞ்சுக்கு ஒருவர் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கை கூட வந்தவரின் தோளில். உட்கார்ந்ததும் காலை நீட்டினார்.

"அந்தக் குளுகுளு மருந்தக் கொஞ்சம் போட்டுடுங்க அம்மணி. நிக்க நேரமில்லீங்க, எங்க கூட்டம் கெளம்பீரும்."

கட்டைப் பிரித்தேன். இறுக்கிக் கட்டியதில் தோல் வரிவரியாகப் பதிந்து போயிருந்தது. மேலே மேலே தடவிய ஜெல் காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திரண்டு உரிந்தது. ஒத்தடம் கொடுத்த இடத்தில் இரண்டு கொப்புளம். பொள்ளாச்சி தாண்டி ரோட்டோரப் பள்ளத்தில் காலை விட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பந்தலிலும் ஒரு கை ஜெல்லைத் தடவி, இறுக்கிக் கட்டி, "போயிட்டு வாங்க சாமி" என்று அனுப்பியிருக்கிறது.

அத்தனை பந்தலிலும் ஒருவருக்குக்கூடவா சந்தேகம் வரவில்லை என்று கேட்பீர்கள். வந்திருக்கும். ஆனால் மாலை போட்டவரை எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எல்லாரும் சாமிதான். சாமியைப் பார்த்துப் போகாதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது அபசகுனம், பந்தல் போட்டவருக்கும் ஆகாது, கேட்டவருக்கும் ஆகாது. ஆகவே தடவுவார்கள், கும்பிடுவார்கள், அடுத்த பந்தலுக்கு அனுப்புவார்கள். வேண்டாத எண்ணம் ஒருவருக்கும் கிடையாது. ஒரு மனிதனின் காலைக் கெடுக்க அன்பும் போதும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, வீக்கத்தை விட்டு, வெளிக்கணுவின் எலும்பைப் பின்பக்க ஓரமாக விரலால் அழுத்தினேன். "முருகா" என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கோலையும் தோளையும் விட்டுவிட்டு நடக்கச் சொன்னேன். பாதத்தை ஊன்ற முடியவில்லை. அதற்கு மேல் பார்க்க வேண்டியது எக்ஸ்ரேதான்.

"இது சுளுக்கு மாதிரி இல்லீங்க, எலும்புல விரிசல் இருக்கும். இதோட நடந்தா எலும்பு நகந்துரும். ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றேன்.

தோள் கொடுத்து வந்தவர்தான் அவர்கள் கூட்டத்தின் குருசாமி. வருஷா வருஷம் கூட்டத்தை நடத்திக்கொண்டு போகிற பெரியவர். அவருக்கு முகம் மாறிவிட்டது. "என்னுங்க இப்பிடிச் சொல்லிப்போட்டீங்க? மாலை போட்ட சாமியப் பாத்துச் சொல்ற பேச்சுங்களா இது? மருந்து போட்டா போடுங்க, இல்லீன்னா உட்டுடுங்க."

மில்லுக்காரர் என்னைப் பந்தல் கம்பத்துப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க டாக்டரம்மா, உங்களுக்குத் தெரியாததில்ல. நம்ம பந்தல்ல இருந்து ஒரு சாமி திரும்பிப் போச்சுன்னு பேச்சு வேண்டாமுங்க. கொஞ்சம் தடவி உட்டுடுங்க, மிச்சத்த முருகன் பாத்துக்குவான்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அரோகரா சத்தத்தில் பேசுவதே காதில் விழவில்லை. நான் மில்லுக்காரருக்கு ஒரு பதில் சொன்னேன், குருசாமிக்கு ஒரு பதில் சொன்னேன். எலும்பு நகர்ந்தால் ஆபரேஷன், பிளேட், ஸ்குரூ என்று அடுக்கினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் அவரே பேசினார்.

"எம் பொண்ணுக்கு அஞ்சு வயசுங்க. போன மழைக்குக் காச்சல் வந்து, கால் ரெண்டும் வராமப் போயிருச்சுங்க. படுத்த படுக்கை. பாப்பா எந்திரிச்சு நடந்தா நானும் நடந்தே வாரேன்னு முருகங்கிட்டச் சொன்னேன். அவ நடந்துட்டாளுங்க. நான் நடக்க வேண்டாமுங்களா?"

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"சூலூர்ல தறி ஓட்டறனுங்க."

"அப்ப நாள் முச்சூடும் நின்னே ஆகணுமே. இந்தக் கால் போச்சுன்னா?"

"கால் போனாப் போகுதுங்க. பாப்பாவுக்கு மறுபடியும் வந்துட்டா?"

அவர் கட்டுத் துணியை எடுத்துக்கொண்டு, கோலை ஊன்றி எழுந்து போய்விட்டார். குருசாமி, பந்தலோரம் இறக்கி வைத்திருந்த காவடியைத் தூக்கி அவர் தோளில் வைத்தார். என் முன்னால் அடுத்த கால் வந்து நீண்டது, சாதாரண வெடிப்பு.

பிள்ளைகளே, பெரும்பாலும் நம் வேலை இந்த இடத்தில் முடிந்துவிடும். சொன்னோம், கேட்கவில்லை, அவர் தலையெழுத்து என்று அடுத்த ஆளைப் பார்ப்போம். நானும் எத்தனையோ பேரிடம் அப்படித்தான் நடந்திருக்கிறேன். அலுத்துப்போகும், வேறென்ன செய்வது. ஆனால் அன்றைக்கு ரோட்டைப் பார்த்தால் அடுத்த பந்தலின் துணி தெரிந்தது. அங்கேயும் அதே பெட்டிகள்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொரு கை மூடியைத் திறக்கும். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, குருசாமி மேலா, அந்த ட்யூபுகள் மேலா என்று தெரியவில்லை. வெடிப்புக் காலை ஒரு காலேஜ் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தேன்.

அவர் அதிக தூரம் போயிருக்கவில்லை. கட்டு இல்லாததால் வலி கூடியிருக்க வேண்டும். மைல் கல்லில் சாய்ந்து நின்றிருந்தார். குருசாமி மோர் வாங்கப் போயிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்ன பேசுவது என்று யோசித்தபோதுதான் உறைத்தது. அவ்வளவு நேரம் பேசியதில் பாதியை நான் அவரிடம் பேசவேயில்லை. அவரைச் சுற்றி நின்றவர்களிடம் பேசியிருக்கிறேன்.

"உங்க பேரென்னங்க?"

விழித்தார். மாலை போட்ட பிறகு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "நாச்சிமுத்துங்க."

"நாச்சிமுத்து, நான் சாமிகிட்டப் பேச வரல. உங்ககிட்டப் பேச வந்தேன். உங்க காலை நான் தொட்டுப் பாத்தேன். எலும்பு உடைஞ்சிருக்குதுன்னுதான் என் கை சொல்லுது. இதை வெச்சுக்கிட்டு மலையேறுனா, அடுத்த வருசம் உங்களால நடந்தே வர முடியாது. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். பாப்பாவப் பத்தி எனக்கு ஒண்ணுந் தெரியாது. அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு என்னால எழுதித் தர முடியாது."

"அப்ப நான் நடக்காம நின்னு, அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எங்கிட்ட வந்து கேளுங்க." ஆஸ்பத்திரியையும் என் பெயரையும் சொன்னேன். "எங்கியும் ஓடிப் போக மாட்டேன்."

அது என்ன பதில் என்று எனக்கே தெரியவில்லை. பாடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பொய்யாகத் தைரியம் சொல்ல மனம் வரவில்லை, அதைத் தவிர வேறு காரணம் இல்லை. எங்களைத் தாண்டிக் காவடிகள் போய்க்கொண்டே இருந்தன. மோரோடு வந்த குருசாமியிடம் அவரே சொன்னார்.

"இத நீங்க கொண்டுபோயிருங்க சாமி. எனக்கு முடியிலீங்க."

குருசாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். தன்னுடையதோடு அந்தக் காவடியையும் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். நாச்சிமுத்து அந்தக் காவடி கண்ணுக்கு மறையும் வரை கைகூப்பி நின்றார். பிறகு அந்த மைல் கல்லிலேயே உட்கார்ந்து அழுதார். மில்லுக்காரர் மட்டும் மனசு கேட்காமல் தன் வேனை அனுப்பி வைத்தார். அட்டை வைத்துக் கட்டி உடுமலைக்குக் கொண்டுபோனோம். வெளிக்கணு எலும்பில் விரிசல் இருந்தது, நகரவில்லை. மாவுக்கட்டோடு போயிற்று.

இந்த இடத்தில் நிறுத்தினால் இது என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற கதை ஆகிவிடும். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரித்த பிறகு பயிற்சிக்கு வரச் சொன்னேன், பஸ் பிடித்து வந்தார். அதிகம் பேச மாட்டார். கால் தேறிக்கொண்டிருந்தது. தறிக்கும் போக ஆரம்பித்தார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் காலையில் டிபார்ட்மென்ட் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"பாப்பாவக் குழந்தைங்க வார்டுல சேத்திருக்கறனுங்க. காச்சல்."

கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் போனேன். வார்டில் பாப்பா கண்ணை மூடிக் கிடந்தாள். அம்மா ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். என்ன காய்ச்சல் என்று டாக்டருக்கே இன்னும் பிடிபடவில்லை, ரத்தம் எடுத்திருந்தார்கள். வராந்தாவில் நாச்சிமுத்து குரலை உயர்த்தாமல் கேட்டார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் நடக்காம நின்னதுதானுங்களா?"

"இல்லீங்க. காச்சலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"தெரிஞ்சு சொல்றீங்களா, என் மனசு ஆறோணும்னு சொல்றீங்களா?"

படித்த படிப்பெல்லாம், "தெரிஞ்சுதான் சொல்றேன்" என்று சொல்லச் சொன்னது. உண்மையும் அதுதான். ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை மட்டும் சொல்ல முடியவில்லை. "ரெண்டுந்தானுங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் எப்படிப் போயின என்று விவரிக்க மாட்டேன். டிபார்ட்மென்ட்டில் யாருக்கோ தோள்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டே குழந்தைகள் வார்டை நினைத்துக்கொண்டிருப்பேன். சாமி நம்பிக்கை எனக்கு எல்லாரையும் போலத்தான், பண்டிகைக்கு வரும், பண்டிகையோடு போகும். அந்த நாட்களில் மட்டும் மருதமலை முருகன் இருக்கிற திசையைப் பார்த்தாலே குற்றவாளி மாதிரி இருந்தது. ஒருவரை நிறுத்தினால், நிறுத்தியதை நாமும் சுமக்க வேண்டும். இதை எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

காய்ச்சல் ஒருநாள் இறங்கியது. ஆனால் பாப்பா கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். நிற்க வைத்தால் துவண்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்று அவள் அம்மா அழுதார். போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். குழந்தைகள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காலில் பலம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வேலைதானே.

நான் போனபோது நாச்சிமுத்து கதவோரம் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

"என்ன ஆகியிருக்குமுங்க?" என்றார்.

"தெரியாதுங்க. தொட்டுப் பாத்துத்தான் சொல்லணும்."

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். பாப்பா என்னைப் பார்த்ததும் முகத்தை அம்மாவின் மடியில் புதைத்துக்கொண்டாள். ஊசி போடுகிறவள் என்று நினைத்திருப்பாள். என் இரண்டு உள்ளங்கைகளையும் அவள் உள்ளங்கால்களில் வைத்தேன். இத்தனூண்டு கால்கள், காய்ச்சல் விட்ட பிறகு சில்லென்று இருந்தன.

"கண்ணு, என் கையைத் தள்ளு பாக்கலாம்."

ஒன்றும் அசையவில்லை.

"தள்ளு கண்ணு. அத்தையக் கட்டில விட்டு இறக்கி விட்டுடு பாக்கலாம்."

முதலில் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. பிறகு, எரிச்சலூட்டுகிற இவள் இன்னும் போகாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும், இரண்டு காலையும் மடக்கி ஓங்கி ஒரு உதை விட்டாள். என் கை பின்னால் போய்க் கட்டில் கம்பியில் இடித்தது. இன்னொரு தடவை கை வைத்தேன், இன்னொரு உதை. அந்தக் கால்களுக்கு ஒன்றும் இல்லை. படுத்துக் கிடந்த அலுப்பும் பயமும்தான்.

கதவுப் பக்கம் திரும்பி, "நல்லா இருக்குதுங்க, நாச்சிமுத்து" என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். எழுந்து போய் அவர் தோளைத் தொட்டிருக்கலாம். போகவில்லை. வெகுநேரம் அந்தக் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பாப்பா உதைக்க உதைக்க, என் கையை மறுபடியும் மறுபடியும் அவள் உள்ளங்காலில் வைத்துக்கொண்டே இருந்தேன்.